எதிர்க்காற்று

மூன்றாவது பந்தையும் எதிர்க்காற்று ஏரிக்குள் அறைந்து வீழ்த்தியதும் கர்னல் திரும்பினார். பதினெட்டு வருடமாக அவருடைய கோல்ஃப் பையைச் சுமக்கும் சூசைராஜ் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"காத்து கொறையட்டும்னு சொன்னேங்கய்யா."

"நீ எனக்குச் சொல்றியா?"

மட்டை அவன் காதில் இறங்கியது. ஈரப் புல்லில் விழுந்தவனை முதுகிலும் விலாவிலும் மாறி மாறி அடித்தார். அவன் அலறல் அவனுக்கே கேட்கவில்லை. காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. மறுபடி அவர் மட்டையை ஓங்கியபோது பெருங்காற்று ஒன்று பின்னாலிருந்து மோதி அவரைக் குப்புறத் தள்ளியது. மட்டை தெறித்துச் சூசைராஜின் கைக்கருகே விழுந்தது.

அவன் எழுந்தான். காதிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைக்குள் சூடாகப் பரவியது. மட்டையை எடுத்து இரண்டு கையாலும் இறுகப் பற்றினான். இத்தனை வருடம் சுமந்தும் அதை ஒருமுறைகூட அவன் ஓங்கிப் பார்த்ததில்லை.

"சூசை, கையைக் குடுத்துத் தூக்குடா" என்றார் கர்னல், முழங்காலை ஊன்ற முயன்றபடி.

அவன் கால்களை அகட்டி நின்றான். பந்தை அடிக்கும் முன் அவருக்கு எப்போதும் சொல்வதைத்தான் இப்போதும் சொன்னான்.

"தலைய ஆட்டாதீங்கய்யா."