காகிதப்பைச் சனிக்கிழமை

"கையை எடுய்யா! எனக்குக் கால் இருக்கு, நானே நடப்பேன்!"

ஸ்டான் ஹ்ருஸ்கா தோளை உதறிக்கொண்டார். இரண்டு பக்கமும் இரண்டு காவலாளிகள். அவர் தலையில் மாட்டியிருந்த மளிகைக்கடைக் காகிதப்பை கழுத்துவரை இறங்கியிருக்க, இரண்டு ஓட்டைகளில் கண்கள் மட்டும் தெரிந்தன.

லிஃப்ட் மேலே ஏறியது. கீழே மைதானத்தில் பேஸ்பால் ஆட்டம், ஐந்தாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டத்தை யார் பார்த்தார்கள்? "அணியை வித்துட்டு ஓடு! வித்துட்டு ஓடு!" என்ற கூச்சல்தான் லிஃப்டுக்குள்ளும் கேட்டது.

"என்ன, இனிமே உள்ளயே வரக்கூடாதுன்னு தடை போடப்போறாரா உங்க முதலாளி?"

"தெரியாது பெருசு. கூட்டிட்டு வரச் சொன்னார், அவ்வளவுதான்" என்றான் காவலாளி லமார்.

ஸ்டானுக்கு இந்த மைதானத்தில் முப்பத்தோரு வருடமாக அதே வரிசை, அதே இருக்கை. போனால் போகட்டும், பெரால்ட்டா இந்த ஊரில் இருந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

யாதியேல் பெரால்ட்டா. ஸ்டோக்கர்ஸ் அணியில் மட்டை பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள். வந்த புதிதில் கார் வாங்கக் காசில்லாமல், ஸ்டான் ஓட்டிய பேருந்தில்தான் மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தான். திங்கட்கிழமை மாலைக்குள் அவனுக்குப் புது ஒப்பந்தம் போடாவிட்டால், கிழக்குக்கரைப் பணக்கார அணி ஒன்றுக்குக் கைமாறிவிடுவான். ஊரெல்லாம் இதே பேச்சு.

லீகிலேயே ஆட்டக்காரர்களுக்கு ஆகக் குறைந்த சம்பளம் கொடுக்கும் அணி இதுதான். தோற்றுத் தோற்றுச் சலித்துப்போய் ஊர்க்காரர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். மேல்தட்டு கேலரியைப் பூட்டித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

ஸ்டானுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "சோபாவுல உட்கார்ந்து கோபப்பட்டா எவனுக்குய்யா தெரியும்? வந்து அவன் மூஞ்சிக்கு நேரா கத்துங்கய்யா!" என்று மூன்று வாரம் நாயாய் அலைந்தார். மதுக்கடை, தொழிற்சங்க அலுவலகம், முடிதிருத்தும் கடை என்று ஒன்றையும் விடவில்லை. இன்றைக்கு முப்பத்தாறாயிரம் பேர், அத்தனை தலையிலும் காகிதப்பை.

அறைக்குள் முதலாளி வாண்டர்மீர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடிச் சுவர் வழியே கீழே பார்த்தபடி வேர்க்கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"பையைக் கழட்டுங்க மிஸ்டர் ஹ்ருஸ்கா. வேர்க்கும்."

"கழட்ட மாட்டேன்! உன் அணிக்கு ரசிகன்னு சொல்லிக்கவே வெட்கமாயிருக்கு, அதான் மாட்டியிருக்கேன். டிவிக்காரன் கொடுக்கிறதை வாங்கிக்கிற, மத்த அணிக்காரங்க வருமானத்துல கொடுக்கிற பங்கையும் வாங்கிக்கிற. ஆட்டக்காரனுக்குச் சம்பளம்னா மட்டும் உனக்குக் கை நடுங்குது. நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?"

வாண்டர்மீர் கோபப்படவில்லை. அதுவே ஸ்டானுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இவ்வளவு பேரும் நீங்க கூப்பிட்டு வந்தவங்களா?"

"பின்னே, உன் அழகைப் பார்க்கவா வந்தாங்க? நல்லா எட்டிப் பாரு. மேல்தட்டு வரைக்கும் நெறைஞ்சிருக்கு. திறந்து விடறதைத் தவிர உங்காளுங்களுக்கு வேற வழியில்லை!"

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் வாண்டர்மீர். மேசை இழுப்பறையைத் திறந்து, கற்றையாகச் சில தாள்களை எடுத்து ஸ்டான் முன்னால் வைத்தார். "படிங்க."

தடை உத்தரவுதான் என்று நினைத்துக் குனிந்தார் ஸ்டான். இல்லை. யாதியேல் பெரால்ட்டா, ஐந்து ஆண்டுகள், ஒன்பது கோடி டாலர். கடைசிப் பக்கத்தில் பெரால்ட்டாவின் கையெழுத்து இருந்தது. முதலாளி கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

ஸ்டான் காகிதப்பையைக் கழற்றினார். கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"நிஜமாவா? அவன் இங்கேயே இருக்கேன்னுட்டானா?"

"அவன் எப்பவோ ரெடி. இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் நான் கையெழுத்துப் போடறதா இருந்தது."

"அட, கஷ்டப்பட்டது வீண்போகலய்யா! போடுங்க, இப்பவே போடுங்க. நானே கீழே போய்ச் சொல்றேன். ஒருத்தன் தலையில பை இருக்காது பாருங்க!"

அவரை அறியாமலே மரியாதை வந்து ஒட்டிக்கொண்டது. சட்டைப்பையிலிருந்து பேனாவைக்கூட எடுத்து நீட்டிவிட்டார்.

வாண்டர்மீர் அதை வாங்கவில்லை.

"போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை மூவாயிரம் பேர்தான் வந்தாங்க. பீர் விக்கிறவன் பாதிக் கடையை மூடிட்டான். விளம்பரம் தர்றவன் விலகிக்கிறேன்னான். எனக்கு உதறல் எடுத்துருச்சு. பெரால்ட்டாவுக்குக் கேட்டதைக் கொட்டிக் கொடுத்தாவது ஆளை வரவழைக்கணும்னு அன்னைக்குத்தான் இதை எழுதச் சொன்னேன்."

கீழே கூச்சல் கண்ணாடியை அதிர வைத்தது. பீர் கடைகளின் முன்னால் வரிசை நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றது. தலையில் பையோடு, கையில் டாலர் நோட்டோடு.

வாண்டர்மீர் தாள்களை மேசையில் தட்டிச் சீராக அடுக்கினார். நிதானமாக இரண்டாகக் கிழித்தார். பிறகு நாலாக.

"ஒரு டாலர் செலவில்லாம நீங்களே வரவழைச்சுட்டீங்களே!"