பதினோரு மணிச் சங்கு

அம்முவின் மடியில் இருந்த கருவியையும் அதில் நீட்டிக்கொண்டிருந்த ஏரியலையும் பார்த்த கண்டக்டர், பெண்களுக்கான கட்டணமில்லா டிக்கெட்டைக்கூடக் கிழிக்காமல் தாண்டிப் போனார்.

"போலீசாம்மா நீ?" பக்கத்து சீட்டில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த கோவிந்தம்மா கேட்டாள்.

"இல்லக்கா. கம்பெனி வேலை."

"அதான பார்த்தேன். போலீசுன்னா இம்மாம் மெதுவாவா பேசுவாங்க?"

அம்மு சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டாள். எண்ணூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் வாக்கிடாக்கிப் பேச்சு, நெடுஞ்சாலையில் எங்கெல்லாம் தெளிவாகக் கேட்கிறது என்று பஸ்ஸில் போயே குறித்துவர வேண்டும். அதற்குத்தான் இந்த ஸ்கேனர். இதில் கேட்கலாம், பேச முடியாது.

பேசுபவர்களுக்கு எந்த அலைவரிசை காலியோ, அதை அந்தந்த வட்டாரத்து டவரே நொடிக்கு நொடி ஒதுக்கித் தரும். ஸ்கேனர் டவரின் கட்டளையைப் பின்தொடர வேண்டும். பஸ் அடுத்த டவரின் எல்லைக்குள் போனால் அதன் எண்ணை ஏற்ற வேண்டும். ஏற்றும்வரை ஒன்றும் கேட்காது.

டோல்கேட் தாண்டியதும் காதில் பேச்சு அறுந்தது. அம்மு அவசரமாக எண்களைத் தட்டினாள். ஓர் எண் தப்பிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி தட்டியபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

"...மூணாவது டேங்க். வால்வு மூட மாட்டேங்குது. எல்லாரும் வெளிய வாங்க, வெளிய வாங்க."

மாதத்தின் முதல் புதன், பதினோரு மணி. தொழிற்சாலையில் விபத்து ஒத்திகை. தொடங்கும்போது 'ஒத்திகை' என்று மூன்று தடவை சொல்வார்கள். எண்ணை மாற்றிய நேரத்தில் அது கேட்காமல் போயிருக்கும் என்று அம்மு குறிப்பேட்டில் எழுதினாள்.

போன் அடித்தது. அம்மா பச்சையம்மா. அந்தத் தொழிற்சாலையின் சுவரை ஒட்டியதுதான் அவர்கள் குப்பம்.

"அம்மு, கம்பெனில சங்கு ஊதுறான்டி. ஒத்திகையா, நெஜமா?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஒத்திகைதாம்மா. நான் இங்க கேட்டுகினுதான் கீறேன். நீ ஓடாத."

"நான் இன்னாத்துக்கு ஓடறேன்?" பின்னால் ஆட்டோ ஹாரன் அலறியது. வாசலில் ஏதோ வண்டி போகிறது என்று அம்மு நினைத்துக்கொண்டாள்.

"வூட்லயே இரு. புரியுதா?"

"சரிடி, சரிடி."

சங்கு கேட்டாலே அம்மா ஓடுவாள். 'ஒத்திகை பச்சையம்மா' என்று குப்பத்தில் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். போன மாதம் மீன்குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடி, குழம்பு கருகி, கூரை தப்பியதே பெரிய விஷயம். அம்மு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பஸ் திருவொற்றியூரைத் தாண்டி ஊர்ந்தது. எப்போதும் வரிசையாக வரும் கன்டெய்னர் லாரி ஒன்றுகூட எதிரே வரவில்லை. எப்போதும் பத்து நிமிடத்தில் யாராவது, "முடிஞ்சுது, டீ வந்துச்சா?" என்பார்கள். இருபது நிமிடமாகியும் யாரும் டீயைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார்.

பிறகு வேறொரு குரல் வந்தது. "காத்து குப்பத்துப் பக்கம் அடிக்குது. திரும்பச் சொல்றேன், இது ஒத்திகை இல்ல. ஒத்திகையத்தான் அடுத்த வாரத்துக்கு மாத்தியாச்சே!"

அம்மு அம்மாவை அழைத்தாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். இரண்டு தடவை அடித்ததும் யாரோ துண்டித்தார்கள். மூன்றாம் முறையும் அப்படியே.

எர்ணாவூரில் பஸ் நின்றுவிட்டது. "போலீஸ் மறிச்சிகினு கீறான். வண்டிய திருப்பப் போறோம். எறங்காதீங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

அம்மு எழுந்தாள். கோவிந்தம்மா அவள் கையைப் பிடித்தாள். "எங்க போற? ஜனம் மூக்க பொத்திகினு இங்க ஓடியாருது, நீ அங்க போறியா?"

"எங்கம்மாவ வூட்லயே இருன்னு நான்தான்கா சொன்னேன்!" பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அவளே கேட்டதில்லை.

கையை உதறிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். அதற்குள் ஓடிவந்த கூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. எல்லாரையும் இடித்துக்கொண்டு கீழ்ப்படிக்கு இறங்கியவளின் வயிற்றில் ஒரு கட்டைப்பை வந்து முட்டியது.

பையை மார்போடு அணைத்தபடி பச்சையம்மா நின்றிருந்தாள். கொண்டை அவிழ்ந்து, கால் முழுக்கப் புழுதி. மகளைப் பார்த்ததும் ஓர் அடி பின்வாங்கினாள்.

"திட்டாதடி, அடுப்ப அணைச்சிட்டுதான் வந்தேன்."