வாசலில் கழற்றியது

கோபத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார் பிக்கு. அறவாழியும் தினமும் அதைச் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு, விகாரைக்குள் போய்த் தியானத்தில் உட்காருவான். திரும்பும்போது இரண்டையும் மாட்டிக்கொண்டு போவான்.

ஒருநாள் சிரித்த முகத்தோடு வெறுங்காலிலேயே வீட்டுக்குப் போய்விட்டான்.

"நம்மளை மறந்துட்டான்," என்றது இடது செருப்பு.

"மறக்கலை. விட்டுட்டான்," என்றது வலது.

"அப்போ இத்தனை கோபத்தையும் யார் சுமக்கிறது?"

வலது நகரத் தொடங்கியது. இடதும் கூடவே போனது. ஆளில்லாத காலடிச் சத்தம் கேட்டுத் தெருநாய்கள் ஒதுங்கின.

இரண்டும் அறவாழி வீட்டு வாசலில் வந்து நின்றன.

"ஐ, அப்பா செருப்பு!" ஓடி வந்த அவன் மகள் கால்களை உள்ளே நுழைத்தாள்.

"கால் ரொம்பச் சின்னதா இருக்கே," என்றது இடது.

"வளர்ந்துடுவா," என்றது வலது.