வீட்டுக்குள்ள கடல்

"ஒரு மாசமா? பத்து நாள்னு வச்சுக்குவோம் பாய்," என்றார் ஜெயபாண்டி.

அசன் முகம்மது டீயை ஊதிக் குடித்தார். "இதுல பேரம் இல்ல அண்ணாச்சி. தொட்டில உப்புத்தண்ணிய ஊத்தி, மோட்டாரை ஓடவிட்டு, மீனே இல்லாம ஒரு மாசம் கெடக்கணும். தண்ணி பக்குவப்படாம மீனை விட்டா செத்துரும்."

ராஜபாளையத்தில் பழைய மில் மெஷின்களை வாங்கி விற்பவர் ஜெயபாண்டி. மூட்டை தூக்கி மேலே வந்த ஆள். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதாகச் சரித்திரம் கிடையாது. ஆண்டாள் கோயில் வாசலில் துளசி மாலையையே பாதி விலைக்குக் கேட்டு, கிடைக்காத கோபத்தில் வெறுங்கையோடு போய்ச் சாமி கும்பிட்டவர்.

புது வீடு கட்டியதும் எதையாவது வளர்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நல்ல நாயாக ஒன்று வாங்கச் சொன்னார்கள். இந்த ஊரில் நாய் வளர்க்காதவன் யார், நான் வீட்டுக்குள் கடலையே கொண்டுவந்து வைக்கிறேன் என்றார். ஹால் சுவரை அடைத்துக்கொண்டு கண்ணாடித் தொட்டி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் அசன் முகம்மதும் வந்தார்.

தொட்டிக்கென்றே விற்கிற உப்பின் விலையைக் கேட்டதும் ஜெயபாண்டி பொங்கிவிட்டார். அந்தக் காசுக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு லோடு இறக்கிவிடுவேன் என்றார்.

"தாராளமா இறக்குங்க. கருவாடு நல்லா வரும்."

அசனும் லேசுப்பட்டவர் இல்லை. ஒன்றில் குறைத்ததை இன்னொன்றில் ஏற்றிவிடுவார். ஆனால் அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஒரு நாள்கூட இறங்கி வரவில்லை.

அதுதான் ஜெயபாண்டிக்குப் பொறுக்கவில்லை. ஆளைப் பிடித்து, மதுரையிலிருந்து மீன் வரவழைத்து, அந்த வாரமே தொட்டியில் விட்டார். ஆரஞ்சும் வெள்ளையுமாக அழகாகத்தான் நீந்தின. தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். பாய் ஒரு ஏமாற்றுக்காரன் என்று வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் காலையில் அத்தனையும் வயிறு தெரிய மிதந்தன.

அசனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"மனுசன்கிட்டப் பேசுத மாதிரி மீன்கிட்டப் பேச முடியாது அண்ணாச்சி. அதுக்கு வாயில்ல. செத்துத்தான் காட்டும்."

அன்றோடு ஜெயபாண்டி ஆளே மாறிவிட்டார். வீட்டில் கொசுவத்தி கூடாது, சாம்பிராணி கூடாது, கதவைப் படாரென்று சாத்தக் கூடாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தொட்டிக்குத்தான். மனைவி ஈஸ்வரியும் மகள் கார்த்திகாவும் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு படுத்தார்கள். மீனே இல்லாத தொட்டிக்கு இம்புட்டு உபசாரமா என்று கேட்டவர்களுக்கு எல்லாம் பாடம் நடத்தினார்.

"உசுருய்யா. புது எடத்துக்கு வருது. மெதுமெதுவாத்தான் பழக்கணும்."

இந்த நேரத்தில் கார்த்திகாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் மாரிசெல்வம், பட்டாளத்தில் இருக்கிறான். போட்டோவைப் பார்த்த கார்த்திகா, அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வந்து பாத்துட்டுப் போகட்டும்மா. பொறவு கொஞ்ச நாள் போன்ல பேசிக்கிடுதோம். ஒத்து வருமான்னு பாத்துட்டு நானே சொல்லுதேன். அதுக்குள்ள அப்பாவை வாக்குக் குடுத்துற வேண்டாம்னு சொல்லு."

ஈஸ்வரி அதை அப்படியே அவர் காதில் போட்டாள். தொட்டித் தண்ணீரை எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தவர், "ம்," என்றார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான் மீனும் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பால்கோவாப் பெட்டியோடு உள்ளே நுழைந்தபோது, ஜெயபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வாளிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வாளிக்குள் புது மீன்கள். தொட்டித் தண்ணீர் சின்ன டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக அதில் விழுந்துகொண்டிருந்தது. புதுத் தண்ணீருக்கு மீனைப் பழக்குகிற முறை அது.

"செத்த மெதுவாப் பேசுங்க சம்மந்தி. மிரண்டுரும்," என்றார். பேச்சே இன்னும் தொடங்கவில்லை, அதற்குள் சம்மந்தி.

ஹால் லைட்டையும் அணைக்கச் சொல்லிவிட்டார். வெளிச்சம் மீனுக்கு ஆகாதாம். அதனால் கார்த்திகாவை வாசல் பக்கம், வெயில் விழுகிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள். படிப்பைக் கேட்டார்கள், சமையலைக் கேட்டார்கள். ஒரு பெரியம்மா நடந்து காட்டச் சொன்னாள். கார்த்திகா நடந்தாள்.

ஜெயபாண்டி டியூபை நெரித்து, விழுகிற சொட்டை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

பையனின் அப்பா சோலைராஜ் தொண்டையைச் செருமினார். "எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா அவசரமில்ல. சின்னஞ்சிறுசுக ஒரு மாசம் பேசிப் பாக்கட்டும். அந்தப் புள்ள யோசிச்சு, அது வாயால சொல்லட்டும்."

கார்த்திகா தலை நிமிர்ந்தாள். ஈஸ்வரி அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு புருஷன் முகத்தையே பார்த்தாள்.

ஜெயபாண்டி வாளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு மாசமா? இன்னைக்கே தட்டை மாத்திருவோம் சம்மந்தி. அவ என்ன கடல் மீனா, அவசரப்பட்டா செத்துப்போக?"