முதல் டம்ளர்

“நகை நட்டு உங்க இஷ்டம் அண்ணி. ஒண்ணே ஒண்ணுதான். குடிக்கிற வீட்டுல சம்பந்தம் வெச்சிக்க மாட்டேன். அதுலதான் என் தாலியே போச்சு” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா புனிதா.

“எங்க வீட்டுல அந்தப் பேச்சே கெடையாது அண்ணி. தைரியமா கை நனைங்க” என்றாள் அம்சா.

விழுப்புரத்திலிருந்து வந்தவர்கள் மனம் நிறைந்து சாப்பிட்டார்கள். அம்சாவின் மகள் இளவரசிக்குப் பூ வைத்தாயிற்று. தட்டு மாற்றுவதுதான் பாக்கி.

அப்போதுதான் அம்சாவுக்கு அந்த மருந்து ஞாபகம் வந்தது. மகன் பூவரசனுக்கு பொம்மையார்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் வேலை. போன வாரம் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தான். என்னடா என்றதற்கு, “வெள்ளைக்காரர் ஒருத்தர் குடுத்தாரும்மா. மூலிகை. நல்லா செரிக்கும்” என்றான்.

பாட்டில்மேல் இலைப் படம். திறந்தால் பட்டை, கிராம்பு, ஏலக்காய் வாசனை. கூடவே அரிஷ்டம் மாதிரி ஒரு நெடி. மருந்தென்றால் நெடி இருக்கத்தானே செய்யும்?

சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, சின்ன டம்ளர்களில் ஊற்றித் தட்டோடு கூடத்துக்குக் கொண்டுவந்தாள்.

முதல் டம்ளர் பக்கத்து வீட்டு குணமதிக்கு. ஜைனர்கள். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டாள். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஜல்தியா குடிச்சிடுங்க அக்கா. அப்புறம் வேணாம்பீங்க. எல்லாம் எல தழதான்.”

குணமதி ஒரு வாய் விழுங்கினாள். கண் கலங்கியது. டம்ளரைப் பார்த்தாள். புனிதாவைப் பார்த்தாள்.

“எப்பிடி இருக்குது அக்கா?”

“ரொம்ப நல்லா இருக்குது.” குணமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “தப்பா நெனைக்காத அம்சா. ஒரு மாசமா எனக்கு வயிறே சரியில்ல. இத்தனையும் எனக்கே குடுத்துடேன்.”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கை நீட்டிய மாப்பிள்ளையின் சித்தப்பா கையை மடக்கிக்கொண்டார். உள்ளே குணமதி ஒவ்வொரு டம்ளராகப் பாட்டிலில் திருப்பி ஊற்றி, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

“யாரு அண்ணி அது, இப்பிடிப் பறக்கறாங்க?” புனிதா சிரித்தாள்.

அம்சாவுக்கு உடம்பு கூசியது. மானத்தை வாங்க இந்த நேரம்தானா கிடைத்தது?

“அவங்க அப்பிடித்தான் அண்ணி. ஓசின்னா எதையும் விட மாட்டாங்க. பக்கத்துல வெச்சிக்கினு ஒரே பேஜாரு.”

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த குணமதி ஒரு நிமிஷம் நின்றாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கார் கிளம்பிப் போனதும், லீவு கிடைக்காத பூவரசன் பைக்கில் வந்து இறங்கினான். அலமாரியைத் திறந்தவன் முகம் மாறியது.

“அம்மா, அந்த பாட்டில் எங்க?”

“மருந்துதானேடா? எல்லாருக்கும் குடுக்கலாம்னு எடுத்தேன். குணமதிக்கா மொத்தத்தையும் தூக்கிக்கினு போயிட்டாங்க.”

பூவரசன் தலையில் கை வைத்துக்கொண்டான். “அது மருந்து இல்லம்மா. மூலிகை ஊறவெச்ச சாராயம். நீ எங்க தொடப்போறேன்னு வெச்சிட்டேன்.”

அம்சாவால் சாமி படத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் குணமதி வீட்டுக்குப் போனாள். வாசலோரச் சாக்கடையில் இன்னும் பட்டை கிராம்பு வாசனை அடித்தது. குணமதியின் கணவர் தரணேந்திரன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அக்காவப் பாக்கணும்.”

“இன்னிக்குப் பாக்க முடியாதும்மா. ஜெபத்துல ஒக்காந்துட்டா. தண்ணிகூடக் குடிக்காம உபவாசம். வாயில படக்கூடாதது ஏதோ பட்டுடுச்சாம், அதுக்குப் பிராயச்சித்தமாம். என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்றா.”

அம்சா தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள்.

“ஆங், அம்சா” என்று கூப்பிட்டார் அவர். “நீ வந்தா சொல்லச் சொன்னா. நீ குடுத்த மருந்து நல்லாக் கேட்டுச்சாம்.”