பட்டியலில் இல்லாத பெட்டி

கன்டெய்னரின் முத்திரையை வெட்டிய கட்டர் இன்னும் தரையில் கிடக்கிறது. துறைமுகச் சோதனைக் கூடத்தின் தகரக் கூரைக்குக் கீழே நஸீஹா நிற்கிறாள். டன்லப் ஸ்திரீட் கடைக்கு அவள் பெயரில் வரும் முதல் சரக்கு இது. சுங்க அதிகாரி லாசரஸ் அப்பளப் பெட்டிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். இருநூற்றுப் பன்னிரண்டோடு முடிந்திருக்க வேண்டும். மூலையில் சணல் கயிற்றால் கட்டிய சின்னப் பெட்டி ஒன்று மிச்சமிருக்கிறது. அது என்னவென்று அவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிடுகிறது. “உன் கல்யாணத்துக்கு வர முடியலம்மா, சீரை சரக்கோட வச்சு அனுப்புறேன்” என்று அப்பளம் அனுப்பும் காரைக்கால் மாமா போன மாதம் போனில் சொன்னார். அத்தா கடையை நடத்திய காலத்திலிருந்தே அவர் வீட்டுச் சீர் அப்படித்தான் கப்பலேறி வருகிறது. சிரித்துக்கொண்டே சரியென்றவள், சுங்க அறிவிப்பில் அதைச் சேர்க்க மறந்துபோனாள். ‘எனக்குத் தெரிந்தவரை இதில் எதுவும் விடுபடவில்லை’ என்ற வரிக்குக் கீழே அவளுடைய கையெழுத்து பளிச்சென்று இருக்கிறது. “பேக்கிங் லிஸ்ட்ல இது இல்லையேம்மா. வர்றது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று லாசரஸ் கேட்கிறார். கூரையில் மழை சடசடக்கத் தொடங்குகிறது. “தெரியாது சார்” என்கிறாள். சொன்ன குரல் யாருடையதோ போல இருக்கிறது. அவர் பெட்டியை மெல்லத் திருப்புகிறார். மறுபக்கத்தில் நீல மையில் கொட்டை கொட்டையான தமிழ் எழுத்து. அவர் ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்: “போன்ல சொன்னபடி, நஸீஹாவுக்கு.” படித்துவிட்டு நிமிர்கிறார். அதற்குள் அவள் கை, கழுத்தில் தொங்கும் பெயர் அட்டையை மூடிக்கொண்டுவிட்டது.