மாதிரி வாக்கியம்

இறந்துபோன மகள் வரைந்து முடித்திருந்த எழுத்துருவுக்கு ஒரு சிறு கையேடு தயாராகிறது. எழுத்து எந்த அளவில் எப்படித் தெரியும் என்று காட்ட, ஒரே வாக்கியத்தைப் பக்கத்தின் உச்சியில் பெரிதாகத் தொடங்கி, வரிக்கு வரி சிறிதாக்கிக்கொண்டே கீழே இறக்குவது வழக்கம். எந்த வாக்கியம் என்று கேட்கத்தான், அவளோடு வேலை பார்த்த எபனேசர் பெற்றோரை அலுவலகத்துக்கு வரவழைத்திருந்தான்.

“‘அம்மா, தயிர் வாங்கி வை. ஏழு மணிக்கு வந்துடுவேன்.’ அதைப் போடுங்க,” என்றாள் தாய் கோமளவல்லி. “அன்னைக்குக் காலையில ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போனா.”

“வீட்டுல ஒட்டின சீட்டை ஊரு எதுக்குப் படிக்கணும்?” என்றார் தகப்பன் சபாபதி. “நல்லதா நாலு வார்த்தை போடுங்க தம்பி.”

“நீங்க சொல்ற நல்ல வார்த்தையெல்லாம் பேங்க் காலண்டர்லயே வந்தாச்சு,” என்றாள் கோமளவல்லி.

எபனேசர் அவள் சொன்ன சீட்டையே தட்டினான். திரையில் அந்த வாக்கியம் பதினோரு முறை வந்தது. முதல் வரி கட்டைவிரல் உயரம் இருந்தது. கடைசி வரி எறும்புச் சாரை போலிருந்தது. மூன்று பேரும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தார்கள். யாரும் அழவில்லை.

“இதோட நிறுத்திடலாம்மா,” என்றான் எபனேசர்.

கோமளவல்லி தலையாட்டினாள்.

சபாபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

“இதுக்குக் கீழ இன்னொண்ணு போடுங்க தம்பி. இன்னும் சின்னதா.”

“அச்சுல எழுத்தே தெரியாதுங்க ஐயா.”

“தெரிய வேண்டாம்,” என்றார். “இருக்கட்டும்.”